குளிர்காலமும் நானும்

(டெல்லியில் மார்கழி மாதம் நடந்த மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்தில் பேச வேண்டும் என்று கேட்டபோது தலைப்பை என் இஷ்டத்துக்கே விட்டுவிட்டார்கள். நாம் கூடுகிற இடத்தில் வழக்கமாகப் பேசப்படுவது நான்கு விஷயங்கள். ஆன்மிகம், பென்ஷன், உயில், முழங்கால். நான்கைப் பற்றியும் என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் முதல் வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் இந்த ஹாலின் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கும் ஒன்றைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அதுதான் குளிர். வாழ்நாள் முழுவதும் குளிர்காலத்தைக் கொண்டாடிய ஒருவனுக்கு எழுபது வயதுக்கு மேல் அது ஏன் பிடிக்காமல் போகிறது, அதில் நாம் கவனிக்க வேண்டியது என்ன என்பதுதான் விஷயம்.

இதைப் பத்திரிகையில் படிக்கப்போகும் மும்பை, சென்னை, கோவை அன்பர்கள் 'நமக்கென்ன' என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நான் சொல்வதில் பாதி, பெங்களூரின் 15 டிகிரிக்கும் பொருந்தும்.

நான் டெல்லிக்கு வந்தது 1972-ல். பௌதிகத்தில் பட்டம், மத்திய சர்க்கார் வேலை, ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ஜமுக்காளம். கும்பகோணத்துப் பையனுக்குத் தெரிந்த குளிர், மார்கழி விடியற்காலையில் காவேரிப் படித்துறையில் பல் கிட்டிக்கும் அந்தக் கால் மணி நேரம்தான். வெயில் வந்தால் அது போய்விடும். இங்கே நவம்பரில் ஆரம்பித்து பிப்ரவரி முடியும் வரை ஒரு முழுப் பருவமே குளிராக இருக்கும் என்பதை அனுபவித்த பிறகுதான் நம்பினேன். முதல் வருஷமே அதன் மேல் ஆசை வந்துவிட்டது.

அந்த நாளில் டெல்லியில் இருந்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. மத்தியான இடைவேளையில் ஆபீஸ் புல்வெளி முழுக்க ஜனங்கள். பெண்கள் கையில் ஊசியும் கம்பளி நூலும். வறுத்த மூங்ஃபலி, கஜக், ரேவ்டி. ஆரஞ்சைத் தோல் உரித்து உப்புத் தூவித் தின்றுகொண்டே ஃபைலைப் பற்றிப் பேசுவோம். கோட்லாவில் டெஸ்ட் மேட்ச். ஜனவரி 26 அணிவகுப்பு. பிப்ரவரியில் ராஷ்டிரபதி பவன் தோட்டம். அப்போது அது மொகல் கார்டன்ஸ், 2023 முதல் அம்ருத் உத்யான். கறிகாய்க் கடையில் பச்சைப் பட்டாணி கொட்டிக் கிடக்கும். சிவப்புக் காரட்டில் அல்வா. நடுராத்திரி ரஜாய்க்குள் புகுந்துகொண்டு வெளியே சௌகிதார் தடியால் தட்டிக்கொண்டு போகும் சத்தத்தைக் கேட்பதில் ஒரு சுகம்.

நம் வீட்டு அடுக்களைகளுக்கு மட்டும் தனிக் கஷ்டங்கள் உண்டு. தோசை மாவு பொங்காது. தயிர் உறையாது. மாவுப் பாத்திரத்தைப் போர்வையில் சுற்றி ஹீட்டர் பக்கத்தில் வைத்துவிட்டு, குழந்தையைப் பார்ப்பது போல் ராத்திரி எழுந்து பார்த்த மாமிகள் இந்தச் சபையிலேயே இருக்கிறார்கள். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதைப் பாடப்புத்தகத்தில் படித்திருந்தேன். அதற்காக பாட்டிலை வெயிலில் வைத்து, பிறகு நானும் அதன் பக்கத்தில் உட்காருவது என்பதை டெல்லிதான் கற்றுக்கொடுத்தது. இந்தக் கஷ்டங்கள்கூட அன்று சந்தோஷமாகத்தான் இருந்தன.

2006 ஜனவரி 8-ஆம் தேதி சஃப்தர்ஜங்கில் 0.2 டிகிரி பதிவானது நினைவிருக்கும். அங்கே அதற்கு முன் அதைவிடக் குறைந்தது 1935 ஜனவரியில், மைனஸ் 0.6. அன்று காலை வெளியே வைத்த தட்டில் தண்ணீர் ஏடு கட்டியிருக்கிறதா என்று பார்க்க ஆறு மணிக்கு மொட்டை மாடிக்கு ஓடினேன். வயது ஐம்பதைத் தாண்டி வெகுநாள் ஆகியிருந்தது. "ஏன்னா, ஜுரம் வந்தா நான் பார்த்துக்க மாட்டேன்" என்று என் மனைவி கீழேயிருந்து குரல் கொடுத்தாள். ஜுரம் வரவில்லை.

அப்படிப்பட்ட ஆசை எப்போது போயிற்று என்று யோசித்துப் பார்த்தால் தேதி சொல்ல முடியவில்லை. தவணை முறையில் போயிருக்கிறது. அறுபத்திரண்டில் படுக்கும்போதும் காலுறை வேண்டியிருந்தது. அறுபத்தாறில் ஐந்து மணி ஸ்நானம் எட்டு மணிக்கு நகர்ந்தது. எழுபதில் காலை நடை பத்து மணிக்குப் போயிற்று. இப்போது எழுபத்தைந்து. தீபாவளி முடிந்து முதல் குளிர்ந்த காற்று வரும்போது முன்பு மனம் துள்ளும். இப்போது ஹோலிக்கு இன்னும் எத்தனை நாள் என்று கணக்குப் போடுகிறது.

மற்றவர்களுக்கு இது தெரிவதில்லை. பெங்களூரில் என் பிள்ளை வீட்டுக்குப் போனால், "அப்பாவுக்குக் குளிர்னா உசிர்" என்று சொல்லி ஏசியைப் பத்தொன்பதில் வைக்கிறான். அன்பினால்தான் செய்கிறான். நாற்பது வருஷம் என் வாயால் கேட்டதைத்தான் திருப்பிச் சொல்கிறான். "அது பழைய ஜி.ஓ.டா, திருத்தம் வந்தாச்சு" என்று சொல்லி, ரிமோட்டை வாங்கி இருபத்தாறில் வைத்தேன்.

இனி கொஞ்சம் விஞ்ஞானம். பயப்பட வேண்டாம், சுருக்கமாகவே சொல்கிறேன்.

சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு சுமார் 80 முதல் 100 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. நம் வீடுகளில் முன்பு எரிந்த நூறு வாட் குண்டு பல்பு ஒன்றுக்குக் கிட்டத்தட்டச் சமம். இந்த வெப்பத்தில் நல்ல பங்கு தசையிலிருந்து வருகிறது. முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு மூன்று முதல் எட்டு சதவீதம் வரை தசை குறைகிறது என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. அறுபதுக்கு மேல் அந்த வேகம் கூடுகிறது. அடுப்பு சின்னதாகிவிட்டது என்று அர்த்தம். இரண்டாவது, குளிர் பட்டதும் தோலில் உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கி வெப்பத்தை உள்ளே பிடித்து வைக்க வேண்டும். வயதாக ஆக அந்தச் சுருக்கம் தாமதமாகவும் பலவீனமாகவும் நடக்கிறது. ஜன்னல் சரியாக மூடவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது, நடுக்கம். நடுக்கம் என்பது தசைகள் வேகமாக ஆடி வெப்பம் உண்டாக்குவது. அதுவும் குறைகிறது.

இளமையில் குளிரை ரசிப்பது, சம்பளத்தில் மிச்சம் உள்ளவன் செலவு செய்கிற மாதிரி. உபரி வெப்பம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் காற்றில் விட்டால் சுகமாக இருக்கிறது. இப்போது உடம்பு பென்ஷனில் ஓடுகிறது. சர்க்காராவது ஜனவரியிலும் ஜூலையிலும் பஞ்சப்படி கொடுக்கிறது, எண்பது வயதானால் இருபது சதவீதம் கூட்டிக் கொடுக்கிறது. உடம்பு எண்பதில் இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது. அதனால் குளிர் பிடிக்காமல் போவது மனசின் சோர்வு என்று நினைத்து வருத்தப்பட வேண்டாம். வரவு செலவு பார்த்து உடம்பு அனுப்பும் நியாயமான குறிப்பு அது.

இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. முதியவர்களில் இரண்டு வகை. எப்போதும் "குளிர்றது, குளிர்றது" என்பவர்கள் ஒரு வகை. "எனக்கென்ன, ஒண்ணும் தெரியலையே" என்று பனியனோடு உட்கார்ந்திருப்பவர்கள் இன்னொரு வகை. முதல் வகையைப் பார்த்து வீட்டில் சிரிக்கிறார்கள், இரண்டாவது வகையைப் பாராட்டுகிறார்கள். உண்மையில் கவலைப்பட வேண்டியது இரண்டாவது வகையைப் பற்றித்தான். வயதானால் வெப்ப வித்தியாசத்தை உணரும் சக்தியும் மழுங்குகிறது. உடம்பின் உட்சூடு 35 டிகிரி செல்ஷியஸுக்கு, அதாவது 95 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் அது ஆபத்தான நிலை. சாதாரண ஜுரத் தெர்மாமீட்டரில் அதற்குக் கீழே அளக்க இடமே அதிகம் இருக்காது. அந்த நிலையில் நடுக்கம் நின்றுவிடக்கூடும். பேச்சு குழறும், சோர்வும் குழப்பமும் வரும், தூக்கம் தூக்கமாக வரும். 'பாட்டி நிம்மதியா தூங்கறா' என்று விட்டுவிடுவது அப்போதுதான். தொட்டுப் பாருங்கள். வயிறும் மார்பும் சில்லென்றிருந்தால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

போன தை மாதத்தில் மட்டும் என் நண்பர்கள் இருவர் காலமானார்கள். இருவருக்கும் விடியற்காலையில் மாரடைப்பு. ஒருவர் எனக்கு 1974 முதல் பழக்கம். இருவரும் குளிரினால்தான் போனார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் குளிர்ந்தால் ரத்தக் குழாய் சுருங்குகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, இருதயத்துக்கு வேலை கூடுகிறது என்பதில் சந்தேகமில்லை. 2015-ல் லான்செட் பத்திரிகையில் 13 நாடுகளில் நடந்த ஏழு கோடிக்கும் மேற்பட்ட மரணங்களை ஆராய்ந்த ஒரு கட்டுரை வந்தது. அதன்படி வெப்பநிலையோடு தொடர்புள்ள மரணங்களில் மிகப் பெரும்பான்மை குளிரினால், வெயிலினால் அல்ல. அதிலும் கடுங்குளிர் நாட்களைவிட மிதமான குளிர் நாட்களில்தான் மொத்த எண்ணிக்கை அதிகம். முக்கியக் காரணம் எளிது, மிதமான குளிர் நாட்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். கடுங்குளிர் என்றால் எல்லாரும் ஜாக்கிரதையாக இருப்போம். மிதமான குளிரை யாரும் மதிப்பதில்லை. பெங்களூர், புனே, நாக்பூர் அன்பர்களை முதலிலேயே கூப்பிட்டு உட்கார வைத்தது இதற்காகத்தான்.

நம் வீடுகளையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். வட இந்தியாவில் நம் வீடுகள் வெயிலை நினைத்துக் கட்டப்பட்டவை. உயரமான கூரை, மொசைக் தரை, இடுக்குள்ள ஜன்னல், மேலே மின்விசிறி. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்கிறது. ஜனவரியில் என் வீட்டு நடு அறையில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். காலை ஏழு மணிக்கு 13. ஐரோப்பாவில் இருப்பவர் வெளியே மைனஸ் பத்து என்றாலும் உள்ளே கதகதப்பாக இருப்பார். நாம் உள்ளேயும் ஸ்வெட்டரோடு இருக்கிறோம்.

என் ஆசை போனதற்கு உடம்பு மட்டும் காரணமல்ல. குளிர்காலமும் பழையபடி இல்லை. குளிர்ந்த இரவில் தரைக்குப் பக்கத்துக் காற்று கனமாகிக் கீழேயே தங்கிவிடுகிறது, மேலே சூடான காற்று மூடி போல் நிற்கிறது. அந்த மூடிக்குக் கீழே வண்டிப் புகை, தூசி, குப்பை எரித்த புகை, அறுவடைத் தாள் எரித்த புகை எல்லாம் சேர்ந்துவிடுகின்றன. 2001, 2002-ல் பஸ்களை இயற்கை வாயுவுக்கு மாற்றினார்கள், சில வருஷங்கள் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. 2016 நவம்பரில் பள்ளிக்கூடங்களை மூடும்படி ஆயிற்று. நுண்துகளுக்கு நம் நாட்டின் ஒரு நாள் வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 15. டெல்லியின் குளிர்கால நாட்கள் பலவற்றில் இது மூன்று இலக்கம். நான் ரசித்த அந்த ஐந்து மணிக் காற்றுதான் இப்போது நாளின் மோசமான காற்றில் சேர்த்தி. ஆசை வைத்த பொருளே மாறிவிட்டால் ஆசை எப்படி நிற்கும்?

இங்கே ஒரு தர்மசங்கடம் வருகிறது. நம்மில் பலருக்கு மார்கழி என்றால் விடியற்கால ஸ்நானம், ராமகிருஷ்ணபுரம் மலை மந்திர் போன்ற கோவில்களில் திருப்பாவை, சூடான பொங்கல். எண்பது வயது மாமா நாலரை மணிக்குத் தலைக்கு ஜலம் விட்டுக்கொள்வேன் என்றால் யார் தடுப்பது? நான் விஞ்ஞானம் பேசப் போவதில்லை. சாஸ்திரமே பேசட்டும். ஸ்நானத்தில் ஏழு வகை சொல்லியிருக்கிறார்கள். ஜலத்தில் முழுகுவது வாருணம், அது ஒன்றுதான். மந்திரம் சொல்லிப் புரோக்ஷணம் செய்துகொள்வது மாந்த்ரம். விபூதி தரிப்பது ஆக்னேயம். பகவானை மனதில் நினைப்பது மானஸம். பசுக்களின் குளம்படித் தூசி, வெயிலோடு சேர்ந்த மழை, மண் ஆகியவற்றாலும் ஸ்நானம் சொல்லியிருக்கிறது. முடியாதவர்கள் ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டால் போதும் என்றும் உண்டு. இவையெல்லாம் யாருக்காக? வியாதியஸ்தர்களுக்காகவும் வயோதிகர்களுக்காகவும்தான். நம் பெரியவர்கள் நம்மைவிட இரக்கம் உள்ளவர்களாக இருந்திருக்கிறார்கள்.

ஈர மடியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிராம் ஜலம் தோலின் மேல் ஆவியாக சுமார் 580 கலோரி வெப்பம் வேண்டும். பிழிந்த ஒன்பது கஜத்தில் அரை கிலோ ஜலம் இருக்கிறது என்றால், அது உலர 290 கிலோ கலோரி. அதில் பெரும் பங்கை உடுத்தியிருப்பவளின் உடம்புதான் கொடுக்க வேண்டும். ஐந்தாறு இட்லி சாப்பிட்ட பலன் அதிலேயே போய்விடும். பட்டுக்கும் கம்பளிக்கும் விழுப்பில்லை என்று நம் பாட்டிமார்களே சொல்லிவைத்திருக்கிறார்கள். மொசைக் தரை காலிலிருந்து சூட்டை இழுக்கும், மனைப்பலகையும் கம்பளி ஆசனமும் இழுக்காது. ஜபத்துக்குத் தரையில் வெறுமனே உட்காராதே என்றதில் இந்தப் பலனும் இருக்கிறது.

இனி செய்ய வேண்டியவை. ஒரு பழைய ஆபீஸரின் வழக்கப்படி வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, படுக்கை அறையில் ஒரு சாதாரண தெர்மாமீட்டரை மாட்டுங்கள். 'எனக்குக் குளிரலை' என்பதை நம்பாமல் அதை நம்புங்கள்.

இரண்டாவது, மூடிய அறையில் கரி அங்கீட்டி வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் இதனால் குடும்பமாகச் சாகிறார்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை இல்லை. ரத்தத்தில் அது ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீஸரும் இதே ஆபத்துதான்.

மூன்றாவது, விழித்தவுடன் ரஜாயை உதறிவிட்டு எழுந்திருக்க வேண்டாம். இரண்டு நிமிஷம் உட்கார்ந்து, ஸ்வெட்டரும் காலுறையும் போட்டுக்கொண்டு, பிறகு நில்லுங்கள். நடையை வெயில் வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, மருந்து. ரத்த அழுத்தத்தைக் குளிர்காலத்தில் அடிக்கடி பாருங்கள். திடீரென்று குளிர் தாங்கவில்லை என்றால் எல்லாவற்றையும் வயதின் மேல் போடாமல் தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்துக்கொள்ளுங்கள். என் மனைவிக்கு அப்படித்தான் தைராய்டு தெரிய வந்தது. சர்க்கரை வியாதிக்காரர்கள் காலில் வெந்நீர்ப் பை வைக்கும்போது ஜாக்கிரதை, சுடுவது தெரியாமலே கொப்பளித்துவிடும். ஃப்ளூ தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

ஐந்தாவது, தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். ராத்திரி எழுந்திருக்க வேண்டுமே என்று பயந்து மாலையில் குடிக்காமல் இருப்பவர்கள், பகலிலாவது குடித்துவிடுங்கள்.

ஆறாவது, இதுதான் எனக்கு முக்கியம். தனியாக இருக்கும் நம் சகோதர சகோதரிகளுக்கு டிசம்பர் 15 முதல் ஜனவரி முடியும் வரை தினம் காலை ஒரு ஃபோன் செய்யுங்கள். எங்கள் பேட்டையில் ஏழு வீடுகள் இப்படிச் சேர்ந்திருக்கிறோம். ஒன்பது மணிக்குள் ஒருவரை ஒருவர் கூப்பிட வேண்டும். "காபி ஆச்சா?" என்று கேட்டால் போதும். பதில் வராவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் போய்க் கதவைத் தட்டுவார். செலவில்லாத ஏற்பாடு. மற்றக் கிளைகளும் இதைச் செய்யலாம்.

"பேசாமல் சென்னைக்கே போய்விடலாமே" என்று குழந்தைகள் சொல்கிறார்கள். நம்மில் சிலர் டிசம்பரில் கச்சேரி சீஸனுக்குப் போய் மாசியில் திரும்புகிறார்கள். சைபீரியாவிலிருந்து பறவைகள் குளிருக்குப் பயந்து டெல்லிக்கு வருகின்றன, டெல்லிவாசிகள் குளிருக்குப் பயந்து தெற்கே போகிறோம். போக முடிந்தவர்கள் போவது நல்லதுதான். நாங்கள் இருவரும் யோசித்துப் பார்த்து, ஜனவரி மாதம் மட்டும் பெங்களூர், மற்றபடி இங்கேதான் என்று முடிவு செய்திருக்கிறோம். ஐம்பது வருஷ சிநேகிதர்கள், டாக்டர், கறிகாய்க்காரன், கோவில் எல்லாம் இங்கே இருக்கின்றன. குளிரைவிடத் தனிமை இன்னும் கடுமையான குளிர். எந்த ஊரில் நாம் காபி குடித்தோமா என்று கேட்க ஆள் இருக்கிறதோ அந்த ஊரில் இருப்பதே உசிதம்.

ஆசை முழுவதும் போய்விட்டதா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். இல்லை, இடம் மாறியிருக்கிறது. முன்பு குளிர்காலத்தின் விடியற்காலை பிடித்தது. இப்போது அதே குளிர்காலத்தின் பதினொரு மணி வெயில் பிடிக்கிறது. முதுகில் வெயில் பட, மடியில் பட்டாணி உரித்துக்கொண்டு உட்காருவதில் ஒரு சுகம் இருக்கிறது. இருபத்தைந்து வயதில் அதற்கு நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை.

மாத்யாஹ்னிகத்தில் சூரியனைப் பார்த்து நூறு சரத் ருதுக்கள் காண வேண்டும் என்று வேண்டுகிறோம். வேதத்தில் ஆயுளை ஹிமம் என்ற சொல்லாலும், அதாவது குளிர்காலங்களாலும் எண்ணியிருக்கிறார்கள். ஒரு குளிர்காலத்தைத் தாண்டினால் ஒரு வருஷம் கிடைத்தது என்று அர்த்தம். குளிரின் அருமையும் கொடுமையும் தெரிந்தவர்கள்தான் அப்படி எண்ணியிருக்க முடியும். பீஷ்மரும் அம்புப் படுக்கையில் உத்தராயணத்துக்குத்தான் காத்திருந்தார். நமக்கு அம்புப் படுக்கை இல்லை, ரஜாய் இருக்கிறது. தை பிறந்து ரதசப்தமி வரும்வரை ஜாக்கிரதையாக இருப்போம். ரதசப்தமி அன்று எருக்கிலையை வைத்துக்கொண்டு ஸ்நானம் செய்யும்போது, முடிந்தவர்கள் ஜலத்தில், முடியாதவர்கள் மனதில், நம்மில் ஒருவர்கூடக் குறையாமல் இருக்க வேண்டும் என்று பகவானைப் பிரார்த்திக்கிறேன்.

 கிளம்பும்போது மஃப்ளரை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.